பவுசர் வராத செவ்வாய்க்கிழமை

தகரத்தில் செய்த சின்னக் கரிக்கோச்சி ரயில் எஞ்சின் ஒன்றுக்கு வர்ணம் பூசி முடிக்க எனக்கு நாற்பது நாள் வேண்டும். தகரத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க ஒரு கிழமை. அண்டர்கோட் அடித்துவிட்டுப் பத்து நாள். பிறகு கறுப்பு இரண்டு தரம், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து நாள். மிச்சத்தில் சிவப்புக் கோடு. ஆசுபத்திரியில் மருந்தேற்றுகிற சின்ன ஊசிக்குள் சிவப்பை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும்.

றவூப் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவான்.

“நீ பெயின்ட் அடிக்கிறியா மச்சான், மவுத்தானவனுக்கு நாப்பதாம் கத்தம் ஓதுறியா?”

றவூப் சைக்கிள் திருத்துகிறவன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிற எங்கள் பகுதி பாலாவிக்கு அப்பால் இருக்கிறது. அங்கே சந்தியில் அவன் கடை. நான் உப்பளத்தில் கூலி. அவனுக்குக் கைவேலை வரும், எனக்குப் பொறுமை வரும். இரண்டையும் சேர்த்துப் பதினேழு வருஷத்தில் ஆறு எஞ்சின் செய்தோம். ஜும்ஆ முடிந்த வெள்ளிக்கிழமைகளிலும், மழைக்கு உப்பளம் மூடிக் கிடக்கிற மாதங்களிலும் செய்தது. விற்கவில்லை. கேட்டவர்களும் இல்லை.

ஏன் கரிக்கோச்சி என்று ஆட்கள் கேட்பார்கள். அதற்கு றவூப் ஒரே பதில் வைத்திருந்தான். “டீசல் கோச்சி ஒரு பெட்டி. உள்ளுக்கு என்ன நடக்குதுன்டு ஒருத்தனுக்கும் தெரியா. இது சைக்கிள் மாதிரி. எல்லாத்தையும் வெளியில வச்சிக்கிட்டு நிக்கிது. பழுதுன்டா எங்கன்டு பார்த்த உடன தெரியும்.”

முதல் எஞ்சினுக்கு அளவெடுக்க இரண்டு பேரும் பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனோம். அங்கே நூதனசாலையில் பழைய எஞ்சின்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. றவூப் முழம் போட்டுச் சொல்லச் சொல்ல நான் நூலில் முடிச்சுப் போட்டேன். அங்கே ஒரு முழம், எங்களுக்கு ஒரு விரல். காவலுக்கு நின்ற சிங்களக் கிழவர், வாங்கிக்கொண்டு போகப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார்.

பால்மா டின்னை வெட்டி கொதிகலன் செய்தான். குடைக்கம்பியில் கைப்பிடி. பித்தளைக் குழாயை வளையமாக அறுத்துச் சில்லு. தகரத்தின் உட்பக்கத்திலிருந்து மொட்டை ஆணியால் ஒவ்வொன்றாகத் தட்டி ரிவெட்டு. நான் கறுப்பு அடித்தேன். இரண்டு மாதம் பளபளவென்று இருந்தது. பிறகு அம்மை போட்ட மாதிரி மேலெல்லாம் கொப்புளம். குத்திப் பார்த்தால் உள்ளே துரு.

கண்டக்குழியில் வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற அன்ரனிப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்தத் தண்ணியில கழுவினீங்க தம்பி?”

“கிணத்துத் தண்ணியில.”

“உங்கட கிணறு உவர்க்கிணறெல்லோ. உப்பை உள்ளுக்கு வச்சு, மேல பெயின்ட்டால மூடிப்போட்டு வந்து நிக்கிறீங்க. அது சும்மா இருக்குமே?”

அன்றிலிருந்து பவுசர் தண்ணீர்தான். செவ்வாய்க்கிழமைகளில் நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு பவுசர் லொறி வரும். அதில் கழுவுவோம். காய்ந்த பிறகு றவூப் விரலால் தகரத்தைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். அவன் சரி என்று சொன்னால்தான் நான் தூரிகையைத் தொடுவேன். நானும் ஒருதரம் நாக்கில் வைக்கப் போனேன்.

“உன்ட நாக்கு உப்புல ஊறின நாக்கு” என்றான். “அதுட சாட்சி செல்லாது.”

எழுத்து எனக்கு நாற்பத்தொரு வயதில் வந்தது. மகள் நிஃப்லா இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லித் தந்தாள். யாரும் சொல்லித் தராமல் நானாக வாசித்த முதல் வசனம் பெயின்ட் டின்னில் இருந்தது. ‘பூசும் பரப்பை நன்னீரால் கழுவி முற்றாக உலர விடவும்.’ றவூப்புக்கு நான்கு தரம் வாசித்துக் காட்டினேன். ஆகவே ஏழாவதில் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

போன வருஷம் ஏழாவது எஞ்சினுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாவது ரிவெட்டைத் தட்டி முடித்த கிழமை றவூப்பின் கண் மஞ்சளானது. செங்கமாரி என்று நாட்டு மருந்து குடித்தான். வயிறு வீங்கியது. கொழும்புக்குக் கொண்டுபோனோம். அவனுடைய மனைவி பஸீஹாவின் தம்பி ஃபைஸலும் நானும்தான் டொக்டரின் அறைக்குள் போனோம். ஈரலில் கட்டி, வெட்ட முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஒரு மாதம் என்றார்.

வெளியே வந்து ஃபைஸல் என் கையைப் பிடித்துக்கொண்டான். “ஹுனைஸ் நானா, மச்சானுக்கு இது தெரிய வேணாம். செங்கமாரின்டே இரிக்கட்டும். அவர் பயந்த ஆள். தெரிஞ்சா அண்டைக்கே முடிஞ்சிருவார்.”

பஸீஹாவும் அதையே சொன்னாள். நான் ஓம் என்றேன்.

கட்டிலில் கிடந்தபடி றவூப் எஞ்சினை என் மடியில் வைத்தான். பூசாத தகரம், வெள்ளையாக இருந்தது.

“இதப் பூசிக் கொண்டா மச்சான். கட்டிலுக்கு நேர வைக்கோணும். நான் எழும்பின பொறகு எட்டாவதுக்கு அளவெடுக்கப் போவம்.”

“போவம்” என்றேன்.

“அவசரப்படாத. உன்ட நாப்பது நாள எடு.”

அதை மடியில் வைத்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். டொக்டர் சொன்னது முப்பது நாள், அதில் ஆறு போய்விட்டது. அவன் கண்ணை மூடும் முன் முடித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அப்போது எனக்குள் இருந்தது. எட்டாவதைப் பற்றி அவன் கதைக்கும்போது, ஏழாவதாவது கறுப்பும் சிவப்புமாக அவன் முன்னால் நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பவுசர் வரவில்லை. ரயர் வெடித்துவிட்டதாம், வரும் கிழமைதான் என்றார்கள். குடத்தில் இருந்த கடைசித் தண்ணீர் தேத்தண்ணீருக்குப் போய்விட்டது. சந்திக் கடையில் போத்தல் தண்ணீர் இருந்தது. இரண்டு போத்தல் போதும், நடந்து போய்வர முக்கால் மணித்தியாலம். அது நினைவில் வரவில்லை என்றால் பொய். உப்பு வாருகிற காலம் அது. விடியலில் இருந்து மூட்டை தூக்கிவிட்டு வந்து, கால் வெடிப்பில் உப்பு எரிய உட்கார்ந்திருந்தேன். எழும்ப முடியவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை, களைப்புத்தான். கிணற்றில் ஒரு வாளி அள்ளி எஞ்சினைக் கழுவினேன். வெயிலில் ஒரு நாள் வைத்தேன். அண்டர்கோட் இரண்டு நாள், கறுப்பு ஒரே தரம், மேலே சிவப்பு. ஒன்பதாம் நாள் முடித்துவிட்டேன். பார்க்க ஆறில் எதையும் விட அழகாக இருந்தது.

கொண்டுபோனேன். றவூப்பைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கை குச்சியாகியிருந்தது. எஞ்சினைத் தொடையில் வைத்துத் தடவினான். சிவப்புக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினான்.

“பவுசர் தண்ணியா?”

“ஓம். செவ்வாய்க்கிழம வந்திச்சே.”

“காஞ்சிதா?”

“நல்லாக் காஞ்சி.”

புகைக்குழாயின் உட்பக்கத்துக்கு நான் பெயின்ட் அடிப்பதில்லை. அதற்குள் சின்ன விரலை விட்டுச் சுழற்றினான். அந்த நேரம் பஸீஹா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பையை வாங்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவன் கை வாயருகே இருந்தது. உதட்டைத் துடைக்கிறான் என்று நினைத்தேன்.

பிறகு, “நல்லாரிக்கி மச்சான். ஒம்பது நாள்ல கெதியா முடிச்சிட்டாய்” என்றான்.

நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். எட்டாவதைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக்கும் என்று எழும்பி வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனேன். நாற்பது நாள் கிண்டலும் வரவில்லை. எஞ்சின் கட்டிலுக்கு நேரே அலுமாரிக்கு மேல் இருந்தது. என்னைக் கண்டால் சிரிப்பான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பான்.

எஞ்சினைக் கொண்டுபோய்ப் பதினோராம் நாள் மவுத்தானான். அவனைத் தூக்கிப்போன சந்தூக்கின் முன்கால் என் தோளில் இருந்தது. உப்பு மூட்டையை விடப் பாரம் குறைவு.

பஸீஹா கணவனுக்காக இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் அந்த வீட்டு வாசற்படி மிதிக்க முடியாது. ஆகவே எஞ்சின் உள்ளே, நான் வெளியே. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது என்றுதான் தெரியாது. நிஃப்லா மட்டும் போய் வருவாள். மூன்றாம் மாதம் ஒருநாள் வந்து சொன்னாள்.

“வாப்பா, றவூப் மாமாட கோச்சியில கொப்புளம் போட்டிரிக்கி.”

“எவ்வளவு?”

“கொதிகலன் முழுக்க. மாமி தொட விடுறாவில்ல.”

அன்று நான் சாப்பிடவில்லை. சாப்பாட்டில் குறையா என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன்.

இத்தா முடிந்த மறுநாள் பஸீஹாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். ஃபைஸல் தின்பண்டம் எதையோ தட்டில் வைத்துவிட்டு வெளியே கதிரையில் இருந்தான். பஸீஹா எஞ்சினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கறுப்பு முழுக்கக் கொப்புளம். சில இடங்களில் வெடித்து, ரிவெட்டுகளின் அடியிலிருந்து துரு நீர் வடிந்து காய்ந்திருந்தது. சிவப்புக் கோடு துண்டு துண்டாக நின்றது.

“தங்கச்சி, இது என்ட பிழை” என்றேன். “பவுசர் வரல்ல. நான்...”

“தெரியும் நானா.”

“நிஃப்லா சொன்னாளா?”

“அவர் சொன்னார்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

“அண்டைக்கு நீங்க எழும்பிப் போன பொறகு என்னக் கூப்பிட்டார். விரல நீட்டி, ‘நக்கிப் பாருங்க’ன்டார். எனக்குப் பைத்தியமான்டு கேட்டேன். பார்த்தேன். உப்பு. ‘ஹுனைஸ் உப்புக்கு மேல பெயின்ட் அடிச்சிரிக்கான்’ன்டார். ‘பதினேழு வருஷம் நாப்பது நாளுக்கு ஒரு நாள் குறைக்காத மனிசன். ஒம்பது நாள்ல கொண்டுவந்து, பவுசர் தண்ணின்டு பொய் சொல்றான். அப்ப எனக்கு நாப்பது நாள் இல்ல. எவ்வளவு நாள்ன்டு சொல்லுங்க பஸீஹா’ன்டு கேட்டார்.”

வெளியே ஃபைஸலின் கதிரை அசைகிற சத்தம் கேட்டது.

“நான் சொல்லல்ல. சொல்லவும் தேவையிருக்கல்ல. உங்களுக்குத் தெரியப்படுத்த வேணாமின்டு சத்தியம் வாங்கினார். மவுத்தான பொறகு சொல்லுங்க, இப்ப சொன்னா அவன் வரமாட்டான்டார். நீங்க வந்து போற நேரமெல்லாம் சிரிச்சிக்கிட்டிருப்பார். நீங்க போனா அழுவார். அந்தப் பதினொரு நாளும் அவர் ஒழுங்கா உறங்கல்ல.”

“நான் வேணுமின்டு...”

“நீங்க அவருக்காகத்தான் செஞ்சீங்க. அதுவும் தெரியும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஆனா நானா, ஒரு வார்த்த சொல்லாம இருக்க நானும் தம்பியும் எவ்வளவு பாடுபட்டம். நீங்க ஒரு செவ்வாய்க்கிழம பொறுத்திருந்தா, அவர் எட்டாவது எஞ்சினக் கதைச்சிக்கிட்டே போயிருப்பார்.”

இரண்டு போத்தல் தண்ணீரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதல் முதல் எழுதுகிறேன்.

நான் எழும்பினேன். அவள் எஞ்சினை ஒரு பழைய சாரத் துணியில் சுற்றி என் கையில் தந்தாள்.

“கொண்டு போய் ஒழுங்காச் செய்யுங்க. இப்ப நாள் இரிக்கி தானே.”

கொப்புளங்களை மரக்குச்சியால் சுரண்டினேன். இரும்பு பட்டால் அவன் தட்டிய ரிவெட்டு தேய்ந்துவிடும். துரு தின்றது போக இருநூற்றெண்பது மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை பவுசர் வந்தது. வரிசையில் நின்று இரண்டு கலன் பிடித்தேன். மூன்று தரம் கழுவினேன். காய்ந்ததும் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பாகத்தான் இருந்தது. அது தகரத்தில் இருக்கிற உப்பா, என் வாயில் இருக்கிற உப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

மாலையில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பஸீஹாவின் வீட்டுக்குப் போனேன். அவள் கதவடியில் நின்றபடியே புகைக்குழாய்க்குள் விரலை விட்டாள், நாக்கில் வைத்தாள், கொஞ்சம் யோசித்தாள்.

“இன்னும் இரிக்கி நானா” என்றாள். “வாற செவ்வாய்க்கிழமயும் கழுவிக் கொண்டாங்க.”

சாரத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தேன்.