மடி என்று எழுதி நிறுத்தினேன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கண் செய்த தப்பில் கிடைத்தது. திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்குச் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் ஒருவர் நடந்து போனார். நெற்றியில் திருமண், இடுப்பில் பஞ்சகச்சம், மேலே சட்டையில்லை. மார்போடு எதையோ துணி சுற்றி அணைத்திருந்தார். பிரசாதத்தை மறைத்து எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. துணியின் மேல்முனையில் ஒரு குல்லாய் தெரிந்தது, அதற்குள் சாத்துக்குடி அளவில் ஒரு தலை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஸௌரிராஜன் என்று நான் வைத்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'மைத்ரேயிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி…' வேண்டாம். வலியில் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

இரண்டாவது: 'ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்…' இது கட்டுரை. ஆனாலும் விஷயம் இதில்தான் இருக்கிறது, பொறுங்கள்.

ஸௌரிராஜன் கீழ்த்திருப்பதியில் ஒரு சின்னப் பெருமாள் கோவில் அர்ச்சகர். அவருடைய அண்ணா ராமானுஜன் அதே கோவிலின் மடப்பள்ளியில் தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல், செய்கிறார். இவர்கள் வீட்டில் மடி என்றால் குளித்து, தனியே உலர்த்திய வேட்டி கட்டி, யார்மீதும் படாமல் இருப்பது. மற்றத் தமிழருக்கு மடி என்றால் குழந்தையைக் கிடத்தும் இடம். ஒன்று தொடாதே என்கிறது, இன்னொன்று தூக்கி வைத்துக்கொள் என்கிறது. பாஷைக்கு வெட்கமே கிடையாது.

(குழந்தை பிறந்தால் இவர்களில் பங்காளிகள் எல்லோருக்கும் பத்து நாள் தீட்டு. கோவிலுக்குள் போகக் கூடாது. யாரும் விண்ணப்பிக்காமலே அப்பாவுக்குக் கிடைக்கும் விடுமுறை. இதை ஏற்படுத்தியவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும். இருக்கட்டும்.)

3

பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை. தூக்கத்தில் மூச்சுவிட மறந்துவிடும். உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வரும். ஸௌரிராஜனின் மனைவி மைத்ரேயி ரத்தக்கொதிப்போடு ஐசியூவில் கிடந்தாள். அண்ணாவின் மனைவி, மன்னிக்கு இருமல், அதனால் உள்ளே விடவில்லை. கங்காரு மாதிரி தோலோடு தோலாக வைத்திருந்தால் உடம்புச் சூடு நிற்கும், மூச்சு சீராகும், எடையும் ஏறும் என்று நர்ஸ் சந்திரம்மா விளக்கினாள். அவள் புத்தூர்ப் பக்கத்துக்காரி.

"அம்மா எழுந்து வர வரிக்கும் நைனா வெச்சிக்கலாம் சாமி. மடியில இல்ல, மார் மேல, நேரா."

"எனக்குத் தீட்டும்மா. நான் மடி இல்லை."

"எங்கூர்ல மடின்னா நாருமடி சாமி. நாத்து வளர்ந்துக்கினு கீற எடம். அது தேறுற வரிக்கும் யாரும் புடுங்க மாட்டாங்க."

(சந்திரம்மாவை நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். அந்த வார்டில் நர்ஸுக்கு இவ்வளவு பேச நேரம் ஏது? ஆனாலும் இந்த வாக்கியத்தை அவளிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை.)

ஸௌரிராஜன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். மார்பில் திருமண் இடும் இடத்தில் ஒரு கன்னம் வந்து ஒட்டிக்கொண்டது. கண் சொருகியது. பள்ளியறைக்குக் கொண்டுபோகும் சின்ன வெள்ளிக் கண்ணனை ஏந்திப் பிராகாரத்தில் நடக்கிறார். வார்டின் பச்சைத் திரைகள் சன்னிதித் திரைகளாக ஆடுகின்றன. பிராகாரம் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கையில் வெள்ளி சூடாக இருக்கிறது, மூச்சு விடுகிறது. இவர் நின்றால் அதுவும் நிற்கும்போலிருக்கிறது, ஆகவே நடக்கிறார், நடந்துகொண்டே

விழித்துவிட்டார். குழந்தை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் யாரும் அதன் காலைச் சுண்டவில்லை. இவ்வளவு பயமும் இவ்வளவு சந்தோஷமும் அவருக்கு ஒருசேர வந்ததே இல்லை.

4

தீட்டு முடியப் போகிறது. பத்து நாளும் இவருக்கு மாற்றாக வந்திருந்த அர்ச்சகர் தன் ஊரான கார்வேட்டிநகரத்துக்குப் பஸ் ஏறுகிறார். அண்ணா ஃபோன் செய்தார்.

"நாளைக்குக் காலம்பற தீர்த்தமாடிட்டு வந்துடு. பெருமாளுக்கு வேற கை இல்லடா."

அன்று காலையில்தான், இவர் வீட்டுக்குக் குளிக்கப் போன நேரத்தில், வெப்பப் பெட்டியில் குழந்தை மூச்சை மறந்து மெஷின் கத்தியிருந்தது. மைத்ரேயியால் இன்னும் உட்காரவே முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஸௌரிராஜன்.

முடிவு அ: போகிறார். பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்யும்போது இங்கே மெஷின்…

(நிறுத்திவிட்டேன். மடிந்தாள் என்றும் தமிழில் எழுதலாம். அந்தப் பொருளை இந்தக் கதைக்குள் விடமாட்டேன்.)

முடிவு ஆ: போகவில்லை. சன்னிதி பூட்டிக் கிடக்கிறது. அண்ணா ஆறிப்போகும் தளிகையோடு தனியே நிற்கிறார். அந்த மனிதரையும் என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவு இ: ஃபோனில் சொல்கிறார், "நான் மடியா இருக்கேன் அண்ணா." கேட்பவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அழகாக இருக்கிறது, அதனால்தான் நம்பிக்கை வரவில்லை. ஒரு சிலேடையால் கோவிலையும் குழந்தையையும் சேர்த்துக் காப்பாற்றலாம் என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் தோன்றும்.

5

விடிந்துவிட்டது. ஜன்னலில் மலை பாதி மேகத்தில் இருக்கிறது. தலைக்குக் குளித்து, ஈரக் குடுமியை முடிந்துகொண்டு, ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். இப்போது குழந்தை மார்பில் இருக்கிறது. ஒரு கை அதன் தலையில், ஒரு கை அடியில். சந்திரம்மா பக்கத்து வார்டுக்குப் போயிருக்கிறாள்.

ஸ்டூல்மேல் ஃபோன் அதிர்கிறது. அண்ணாதான்.

அந்த அறையில் கை காலியாக இருப்பது நீங்கள் ஒருவர்தான். எடுங்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.