ஹாதிக்கின் டூ ஸ்ட்ரோக்கும் நான் காணாத கனவும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை வாங்குவதா விடுவதா என்ற இழுபறியில், என் மனைவி ஜெனூபாவிடம் ஒரு கனவைச் சொன்னேன். அந்தக் கனவை நான் காணவில்லை. இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“நற்பிட்டிமுனை வயல்வெளியில் பொழுது புலர்ந்து…” (எந்தக் கதையில்தான் புலரவில்லை? விட்டேன்.)

“அது சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல…” (விளம்பரம்.)

“என் வலது காலுக்குள் ஒரு கம்பி இருக்கிறது.” (இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.)

2.

ஆறு வருடத்துக்கு முன் ஒலுவில் பக்கம் ஒரு மாட்டுக்கு விலத்தி விழுந்தபோது வைத்த கம்பி. நான்கு மாதம் ஜெனூபாதான் என்னைத் தூக்கி இருத்தினாள், குளிப்பாட்டினாள். இனிமேல் ஸ்கூட்டிதான் என்று இருவரும் பேசி முடித்தோம்.

போன மாதம் ஸ்கூட்டிக்கு பிரேக் போட ஹாதிக்கின் கராஜுக்குப் போனேன். மூலையில், உயரமாக, மெலிந்து, சேறு காய்ந்து நின்றது அது. முப்பது வருடத்துக்கு முன் யப்பானில் செய்த, காடு மேடு ஏறும் சாமான்.*

(* வாய்க்கால் கட்டு வழியாக வயலுக்குப் போகத் தேவை, மாரியில் ஸ்கூட்டி புதையும் என்று வீட்டில் சொன்னேன். வயலை எட்டு வருடமாகக் குத்தகைக்குக் கொடுத்திருப்பது ஜெனூபாவுக்கும் தெரியும்.)

ஹாதிக் என்ற பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதுதான் என் பயம். விற்கிறவன் இப்படிக் கதைப்பானா?

“சேர், ஒளிக்க ஒண்டுமில்ல. பிஸ்டன் ரிங் தேஞ்சிரிக்கி. ஒயில் பம்ப நம்பாதீங்க, பெற்றோலோட கலந்தே ஊத்துங்க. சாமான் தேடிக் கொழும்புக்கும் போகணும். வாங்கினா உங்களுக்குச் செலவுதான்.”

“மறுகா ஏன் விக்கிற?”

“ஓட்டிப் பாருங்க. ஏன் இவ்வளவு நாள் விக்காம வெச்சிருந்த எண்டு கேப்பீங்க.”

கிக்கரை மிதித்தேன். கம்பி வைத்த கால் தாங்கியது. நீலப் புகையும் எரிந்த ஒயில் வாசமும் எழுந்தன. வாய்க்கால் கட்டில் கைப்பிடியைப் பாதி முறுக்கும் வரை அது ஆட்டுக்குட்டிபோல் சாதுவாகத்தான் வந்தது. அதற்கு மேல் ஓர் இடம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்கு அது தெரியும். அந்த இடம் வந்ததும் முன்சில்லு நிலத்தை விட்டது, என் வயிறு எங்கோ பின்னால் நின்றுவிட்டது, இரு பக்கத்து நெல் வேளாண்மையும் பச்சைக் கோடாகிப்போனது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். இத்தனை பழைய இரும்புக்குள் இவ்வளவு உயிர் எப்படி அடங்கிக் கிடந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

3.

ஜெனூபா சண்டை பிடிக்கவில்லை.

“நான் வேணாம் எண்டா என்னோட கோவிப்பீங்க. இஸ்திகாரா தொழுங்க. என்ன வருதோ அதுக்கு நானும் ஓம்.”

தெரியாத காரியத்தில் இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதன் பக்கம் திருப்பிவிடு என்று இறைவனிடம் கேட்பது இஸ்திகாரா. கனவு வரவேண்டும் என்றில்லை, மனம் சாய்வதே போதும் என்பார்கள் மௌலவிமார். ஊரில் நாங்கள் எல்லோரும் கனவைத்தான் எதிர்பார்ப்போம். என் மனமோ தொழ முன்னமே சாய்ந்து, வாய்க்கால் கட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் தொழுதேன். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை திருக்கோவிலிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்று ஹாதிக் போன் பண்ணினான்.

(காணாத கனவைக் கண்டதாகச் சொல்வது எங்கள் மார்க்கத்தில் பெரும் பாவம். கதை எத்தனையும் புனையலாம், கனவைப் புனையக் கூடாது. இது தெரியாமல் நான் செய்யவில்லை.)

4.

நான்காம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பின், தேத்தண்ணியோடு வந்து கேட்டாள்.

“ஏதும் கண்டீங்களா?”

“கண்டன்” என்றேன்.

கேட்கிறவரையும் கதைக்குள் வைத்துவிட்டால் அவர் சந்தேகப்படமாட்டார். இது என் தொழில். ஆகவே கனவில் அவளை மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் ஏற்றினேன். கால் நோகவில்லை என்றேன். போதாது போலிருந்தது. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு கேற் வைத்தேன். அதைத் திறந்துவிட ஒருவர் தேவைப்பட்டார். அவளுடைய வாப்பாவை, என் மாமனாரை, நிறுத்தினேன்.

மீராமுகைதீன் மாமா மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று வருடம். மகள் ஒருநாளாவது அவரைக் கனவில் கண்டதில்லை. அது அவளுக்குப் பெரிய குறை.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வாப்பாவா? என்ன உடுத்திருந்தாங்க?”

“வெள்ளைச் சாறன். வெள்ளை சேட்.”

“முகம்?”

“சிரிச்ச முகம், புள்ள.”

அவள் அழுதாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. இருபது வருடம் எழுதியும் ஒருவர் முகத்தில் அப்படியொன்றை நான் வரவழைத்ததில்லை. பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது.

“நானும் மூணு நாள் தொழுத. வேணாம் எண்டுதான் என்ட மனசு சொல்லிச்சி. வாப்பாவே வந்து கேற்றத் திறந்தா, மறுகா நான் ஆரு? என்ட மனசுலதான் பிழ.”

பின்னேரம் வாப்பாவின் பேரில் நெய்ச்சோறு ஆக்கி ஏழு வீட்டுக்குக் கொடுத்தாள்.

5.

முடிவுகள்.

அ) வாங்குகிறேன். முதல் ஓட்டத்துக்கு அவள் பின்னால் ஏறி, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாப்பா நின்ற இடத்தைக் காட்டச் சொல்லி

(முடியவில்லை.)

ஆ) திருக்கோவில்காரர் முந்திவிட்டார் என்கிறேன். மோட்டார் சைக்கிள் போய்விடும், கனவு நின்றுவிடும். அவள் இனியும் தன் மனதை நம்பாமல்

இ) சொல்லிவிடுகிறேன். சொன்னால் பொய் மட்டும் போகாது. சிரித்த முகத்தோடு நின்ற அவள் வாப்பாவும் போய்விடுவார். மூன்று வருடத்துக்குப் பின் கிடைத்தவரை

6.

இன்று வெள்ளி. ஜும்ஆவுக்குப் பின் வருவதாக ஹாதிக்கிடம் சொல்லியிருக்கிறேன். விடிந்ததிலிருந்து எழுதுகிறேன். ஜெனூபா வந்து கதவடியில் நின்றாள்.

“கனவத்தான எழுதுறீங்க?”

“ஓம்.”

“வாப்பாவயும் எழுதினீங்களா?”

“எழுதிரிக்கன்.”

“தாங்க, பாப்பம்.”

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்னைப் போன்றவர்களின் பழைய தந்திரம். எழுதத் துணிவில்லாதபோது அதை மரியாதைபோல் செய்வோம். இம்முறை அந்த வாசகி எதிரே நின்று கை நீட்டினாள். தாள்களைக் கொடுத்தேன்.

கதிரையை இழுத்து எதிரே இருந்தாள். குர்ஆன் ஓதக் குந்துகிறவள்போல முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். நான் ஒப்புக்கொண்டிருந்த முதல் தாளில் நெடுநேரம் நின்றாள். நிமிரவில்லை. இரண்டாவதைப் புரட்டினாள். மூன்றாவதை மெதுவாக வாசித்தாள், உதடு அசைந்தது. பிறகு அதே தாளை மேலிருந்து மறுபடியும் வாசித்தாள்.

இந்தக் கடைசித் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. எழுதுவதற்கு இன்னும் இடமிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் இதற்காகக் கையை நீட்டுகிறாள்.