டிபோர் மோதாத டின்

அல் கோபாருக்கு வெளியே இருந்த எங்கள் சைட்டில் வியாழக்கிழமை மாலையானால் மால்ட் டின் உடைத்துக் குடிப்போம். போதையில்லாத பீர், சவுதியில் அதுதான் கிடைக்கும். முதல் தடவை என் டின்னை டிபோர் சாரின் டின்னோடு மோதப் போனபோது அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் ஹங்கேரிக்கார எஞ்சினியர், பிரைட் என்கிற நான் அவருக்குக் கீழே ஃபோர்மேன். எனக்கு முகம் சுண்டிப்போனது.

பிறகு அவரே காரணம் சொன்னார். ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் கிடந்த அவர்கள் நாடு 1848இல் எதிர்த்து எழுந்ததாம். மறு வருஷம் ஆகஸ்டில், ஆஸ்திரியாவுக்குத் துணையாக வந்த ரஷ்யப் படையை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ரஷ்யர்கள் அவர்களை அப்படியே ஆஸ்திரியர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஹங்கேரியின் பதின்மூன்று தளபதிகளைக் கொன்ற அன்று ஆஸ்திரிய அதிகாரிகள் பீர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடினார்களாம். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பீரை மோதிக் குடிப்பதில்லை என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. இவ்வளவு ரோஷமுள்ள மனுஷனா என்று அவரை முழுசாக நம்பிவிட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

2007 ஆகஸ்டில் கேம்பில் மூன்று வாரமாக ஏசி ஓடவில்லை. பெரம்பலூர்ப் பையன்கள் தொடங்கிவைக்க, ஒருநாள் காலையில் யாரும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. டிபோர் வந்தார். ஏசி வரும், யாரையும் ஊருக்கு அனுப்ப மாட்டோம், இது என் வாக்கு, ரூமுக்கு ஒருவர் பெயரை எழுதிக் கொடு, பேசித் தீர்க்கலாம் என்று என்னிடம் சொன்னார்.

அந்தப் பையன்களில் பன்னீர்செல்வம்தான் தயங்கினான். "பேரு எதுக்குண்ணே? வந்து எட்டு மாசந்தான் ஆவுது. திருப்பி அனுப்பிட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குள்ள போவேன்?"

"நான் சொல்லுகேம்லா. அவரு வாக்கு மாற மாட்டாருடே."

ஏழு ரூமுக்கு ஏழு பெயர்களையும் என் கையாலேயே எழுதினேன். எல்லோரும் பஸ் ஏறினார்கள். ஏசியும் வந்தது. அடுத்த வியாழக்கிழமை அந்த ஏழு பேருக்கு மட்டும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் எக்ஸிட் முத்திரை அடித்த பாஸ்போர்ட் வந்தது.

பன்னீர் பெட்டியோடு நின்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மொதப் பேரு என்னுதாண்ணே" என்றான், அவ்வளவுதான்.

நேரே ஆபீசுக்குப் போனேன். டிபோரும் மேனேஜரும் மால்ட் டின்னோடு நின்றிருந்தார்கள். உங்கள் வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "லிஸ்டைக் கேட்டார்கள், கொடுத்தேன்" என்றார் டிபோர், தரையைப் பார்த்து. மேனேஜர் சிரித்தபடி என் கையிலும் ஒரு டின்னைத் திணித்தார். "கலாஸ், பிரைட். முடிந்துபோன விஷயம்" என்று தன் டின்னை டிபோரிடம் நீட்டினார். டிபோர் ஒரு கணம் அதையே பார்த்தார். மோதினார். பிறகு மேனேஜரின் டின் என் பக்கம் திரும்பியது.

ஜன்னலுக்கு வெளியே தம்மாம் ஏர்போர்ட்டுக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக, பன்னீர் என் கையிலிருந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.