நாற்பத்தோரு அம்மிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு செம்புத் தண்ணீரால். 1936-ஆம் வருஷச் சாரலுக்குக் குற்றாலம் போய்த் திரும்பும்போது, தென்காசியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் புறவாசலில் கால் கழுவப் போனேன். தரையில் பாவியிருந்த கல்லிலெல்லாம், அம்மிக்குக் கொத்துவதுபோல் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது. காரணம் கேட்டேன். வீட்டுக்காரர் வல்லிநாயகம் பாதி சொன்னார். சிரித்துவிட்டுக் காப்பி கொண்டுவர உள்ளே போய்விட்டார். மீதிக்கு நான் என்ன செய்வேன்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைச் சிகரங்களில் வெண்மேகம் தவழும் எழில்மிகு தென்காசியிலே' – அடித்துவிட்டேன். வல்லிநாயகத்துக்கு மேகம் பார்க்க நேரமில்லை. சைக்கிள் காரியரில் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தார்.

2

வல்லிநாயகம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவர் மனைவி நாச்சியார் ஓர் ஆடிச் சாரலில் புறவாசல் பாசியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. அதன்பிறகு புறவாசல் நிலைப்படியைத் தாண்டி அவள் கால் வைக்கவே இல்லை. தான் நட்ட பிச்சிக்கொடியை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், அதோடு சரி.

(இங்கே அவர் அவளிடம் உருக்கமாகப் பேசுவதாக அரைப்பக்கம் எழுதினேன். அவர் பேசுகிறவர் இல்லை. மண்வெட்டியைத்தான் எடுப்பார்.)

முதல் வருஷம் சேற்றை வழித்துப் போட்டு, கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் வெட்டினார். மறுவருஷம் மலை தெரிகிற பக்கமாகப் பந்தல் போட்டுப் பிச்சியை ஏற்றினார். அதற்கடுத்த தையிலிருந்து கல். ஞாயிறுதோறும் குற்றாலத்துக்குச் சைக்கிள் மிதித்து, சிற்றாற்றில் தட்டைக் கல்லாகப் பார்த்து இரண்டோ மூன்றோ கொண்டுவருவார். சித்திரையில், நிலைப்படியிலிருந்து பந்தலடிவரை நாற்பத்தொரு கல் பாவி முடித்துவிட்டு, "ஏட்டி, வந்து பாரு," என்றார்.

3

நாச்சியார் நிலைப்படிக்குள் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரை முதல் கல்லில் ஊற்றினாள். கல் கண்ணாடியாக மின்னியது. அழகு பார்த்து, ஆற்றிலேயே வழவழப்பான கல்லாகத் தேடி எடுத்திருந்தார் மனுஷன்.

"அருவிக்கரை வழுக்குப்பாறைய வீட்டுக்கே கொண்டாந்துட்டீகளே," என்றாள். "இனி விழுததுக்குக் குத்தாலம் போவ வேண்டாம்."

வல்லிநாயகம் கடைசிக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார்.

[இந்த இடத்தில் எனக்குக் கதை இரண்டு நாள் நகரவில்லை. அவருக்கும்தான்.]

அன்று ராத்திரிச் சோற்றுக்கு மோர் ஊற்றும்போதுதான் அவர் உள்ளங்கை அவள் கண்ணில் பட்டது. காய்த்து வெடித்திருந்தது. மூன்றாம் நாள், அம்மி கொத்தும் முப்பிடாதியம்மாள் தெருவில் குரல் கொடுத்துப் போனாள். நாச்சியார் உள்ளே கூப்பிட்டாள். அடுக்களைப் பக்கம் திரும்பியவளை நிறுத்தி, "அது கெடக்கட்டும். புறவாசல்ல நாப்பத்தோரு அம்மி இருக்கு, போய்ப் பாரு," என்றாள்.

தானே கொத்திச் சொரசொரப்பாக்கிக்கொள்வதாகச் சொல்லி, பழைய உளி ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டு வாங்கினார் வல்லிநாயகம்.

"எங்க பொழப்புல மண்ணப் போடாதீக அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதியம்மாள். "அப்பொறம் கச்சேரிக்கு நானா எழுதப் போவ முடியும்?"

சாயங்காலத்துக்கு ஒரு கல்.* உளிச் சத்தம் நின்றால் அடுக்களையிலிருந்து, தூங்கிவிட்டீர்களா என்று கேள்வி வரும்.

* அந்த நாட்களில் கச்சேரியில் அவர் விரலில் பேனாவே நிற்கவில்லையாம்.

4

ஆனியில் சாரல் கட்டியது.

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் விடுவிடென்று போய்ப் பிச்சி பறிக்கிறாள், பத்திரிகாசிரியருக்குப் பிடிக்கும். இன்னொன்றில் விழுகிறாள், அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மூன்றாவதில், அவர் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு அவள் – இல்லை. அவர் என்னிடம் சொன்ன பாதி வேறு.

பந்தலடியில் நனைந்துகொண்டு நின்று அவர் கையை நீட்டினார். நாச்சியார் நிலைப்படியில், ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கால் எழும்பாது," என்றாள். "அங்கன திரும்பிக்கிடுங்க."

அவர் கையை மடக்கிக்கொண்டு மலையைப் பார்த்துத் திரும்பினார்.

அவரே பார்க்காததை நான் பார்த்து எழுதுவது நியாயமில்லை. நானும் திரும்பிக்கொள்கிறேன். நீங்களும் தயவுசெய்து திரும்பிக்கொள்ளுங்கள். காது மட்டும் பின்னால் இருக்கட்டும். கொத்திய கல்லில் மெட்டி பட்டால் தனிச் சத்தம். சாரலிலும் கேட்கும்.