தண்ணீர் ஊற்றக் கூடாத பானை

தாட்சாயிணிக்கு இது முதல் கொலு. ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்தில் ஆளாளுக்குக் கொலு வைத்துச் சுண்டல் கொடுக்க, பக்கத்து ஊரான நூம்பல்காரி நான் மட்டும் என்ன குறைச்சலா என்று ஐந்து படி கட்டிவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கலசத்துக்கு யார் வீட்டிலும் இல்லாத பானை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

எதிர்வீட்டு மைதிலி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மதுரைக்குப் போனபோது, செடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவி கொடுத்திருந்தாள். அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு மண்பானை. அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, அரிசோனாவில் ஹோப்பி பழங்குடிப் பெண் ஒருத்தியிடம் நேரில் வாங்கியது. சக்கரமே இல்லாமல் மண்ணைத் திரித்து அடுக்கி, கூழாங்கல்லால் தேய்த்து, ஆட்டுச் சாணத் தீயில் சுட்டது. தேன்நிற வயிற்றில் ஒரு கறுப்புப் பறவை. சேகரிப்பவர்களுக்காகவே செய்வது, பார்க்க மட்டும்தான், தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மைதிலி சொல்லியிருக்கிறாள். தண்ணீர் தாங்காத பானை என்ன பானை, தொடவிடாமல் இருக்க ஒரு சாக்கு என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

எடுத்து வந்தாள். தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைத்தாள். வந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

"எங்க ஊட்டுக்காரர் அமெரிக்காலேர்ந்து வாங்கியாந்தாரு" என்றாள். திருப்பதியைத் தாண்டாத மனுஷன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே நாளில் பானை வியர்த்தது. அப்புறம் ஒருநாள் காலை, துடைத்த துணியோடு பறவையின் ஒரு இறக்கை உரிந்து வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கவும் வழியில்லை. அமர்த்திய கலசத்தை விஜயதசமிவரை அசைக்கக் கூடாது.

அன்று மாலையே மைதிலி மதுரையிலிருந்து திரும்பி, பூவும் பழமுமாக வந்து நின்றாள். கூடம் நிறைய ஆட்கள்.

"நீங்களும் அமெரிக்கால இருந்தவங்கதானே மைதிலி?" என்றாள் கீழ்வீட்டு ஷோபனா. "தாட்சாயிணி ஊட்டுக்காரர் வாங்கியாந்த பானையைப் பாருங்க."

மைதிலி பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நல்ல பானை" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாட்சாயிணியும் பதிலுக்கு வாயாடித் தப்பித்திருப்பாள். காட்டிக்கொடுக்காமல் விட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஐயோ, இது மைதிலியோட பானை ஷோபனாக்கா. கேக்காம தூக்கிகினு வந்துட்டேன். உங்களாண்ட பொய் சொல்லிட்டேன். தண்ணிய ஊத்தி நாசம் பண்ணிட்டேன். மைதிலி, இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க."

சுண்டல் மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

"நடுவுல கலசத்தை எடுக்கக் கூடாதுக்கா." மைதிலி குனிந்து உரிந்த இறக்கையைப் பார்த்தாள். "அந்தம்மா இந்தப் பறவைய வரையும்போது நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தேன். சரி, இருக்கட்டும்."

தன் பானையின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். தாட்சாயிணி நீட்டிய வெற்றிலை பாக்கை அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாளும் ஆட்கள் வந்தார்கள். பானை எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருத்தியிடமும் தாட்சாயிணி தலையைக் குனிந்தபடி உள்ளதைச் சொன்னாள். விஜயதசமி இன்னும் வரவில்லை. பறவையின் இன்னொரு இறக்கையும் உரியத் தொடங்கியிருந்தது.