‘ய’ தைத்த போர்வை

ஏலப்பாறைக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை அடுத்திருக்கும் சுருளியம்மாளின் மூன்று சென்ட் நிலம், இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரு போர்வையாக இருந்தது. மகள் செல்வப்பிரியா கட்டப்பனையில் பி.ஏ. படித்த மூன்று வருடமும், கொழுந்து கிள்ளி வந்த கையோடு சுருளியம்மாள் அதைத் தைத்தாள். தையல் கடையில் கழித்துப் போட்ட வெட்டுத்துணி மேலே, எஸ்டேட் கொடுத்த பழைய கம்பளி நடுவே, கிழிந்த சேலை அடியில்; மூன்றையும் பிடித்து நெருக்கமான ஓட்டுத் தையல். மிளகாய்ச் சிவப்பு, சாமந்தி மஞ்சள், கிளிப்பச்சை. எந்தத் துண்டும் பக்கத்துத் துண்டோடு ஒத்துப்போகாது. ஈரம் ஊறிய அந்த அறையில் அதை விரித்தால் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

மகள் படித்து முடித்து வந்த மாதமே சுருளியம்மாளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு லயத்தில் இடமில்லை, மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்று வாச்சர் சொல்லிவிட்டுப் போனார். நாற்பது வருடம் அந்த மலையைப் பச்சையாக வைத்திருந்த பொம்பளைக்கு அதில் நிற்க ஓர் அடி மண் கிடையாது. சுருளியம்மாள் அசரவில்லை. மகள் வாங்கி வந்தது நிலத்துக்கான பட்டயம் என்றே அவள் நம்பியிருந்தாள். லயம் முழுக்கச் சொல்லியும் இருந்தாள்.

“அம்மா, நான் வாங்குனது பட்டம். நெலத்துக்குக் குடுக்கிறது பட்டயம். அது வேற.”

“ஒரு எழுத்துதானடி கொறையுது? இத்தன படிச்சவ, அதையும் கேட்டு வாங்கிட்டு வந்தா என்ன?”

பக்கத்து வீட்டுக் கத்தரீனாளுக்குச் சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த கட்டன்சாயா மூக்கில் ஏறியது. செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்கு எழுதிப் போட்ட ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. இப்போது வீடும் இல்லை. இருந்த கோபத்தில் கறுப்புத் துணியில் ஒரு ‘ய’ வெட்டி, போர்வையின் நட்டநடுவில் வைத்து, யாரையோ குத்துகிற மாதிரித் தைத்தாள். “இந்தா, ஒன் எழுத்து” என்றாள். துவைத்து, யாருக்கும் உதவாத பாறைச் சரிவில் காயப் போட்டாள்.

துவைத்தால் துணி சுருங்கும். இது விரிந்தது. காலையில் கட்டில் அளவு, மத்தியானத்துக்குள் மூன்று சென்ட். எடுக்கப் போனபோது ஓரம் பெயரவில்லை, வேர் பிடித்திருந்தது. அந்த வாரத்துக்குள் சிவப்புத் துண்டில் மிளகாயும் மஞ்சள் துண்டில் சாமந்தியும் பச்சைத் துண்டில் பீன்ஸும் முளைத்தன. ‘ய’ இருந்த இடம் நல்ல கறுத்த மண், அஸ்திவாரம் தோண்டத் தோதாக.

ஆக்கிரமிப்பு என்று எஸ்டேட் மேனேஜர் துரை புகார் எழுதினார். சர்வேயர் மூன்று முறை அளந்தார். எஸ்டேட் நிலத்தில் ஓர் அங்குலம் குறையவில்லை. மலையில்தான் மூன்று சென்ட் கூடியிருந்தது. இல்லாத மண்ணைத் திருடியதாக யார்மேல் கேஸ் போடுவது? செல்வப்பிரியா மனுவைத் தானே எழுதினாள். நான்கு பக்கம், ஒரு ‘தயவுகூர்ந்து’கூட இல்லாமல். ஐந்து மாதத்தில் சுருளியம்மாள் பேரில் பட்டயம் வந்தது. வாங்கியவள் முதலில் அந்த ‘ய’வைத்தான் காட்டச் சொன்னாள்.

இப்போது லயத்தின் மற்ற பதினொரு வீட்டிலும் தைக்கிறார்கள். “எனக்கு அஞ்சு சென்ட்டுக்குக் கொறையக் கூடாது, நானும் மருமவளும் ஒரே கூரைக்குக் கீழ ஆவாது” என்று கத்தரீனாள் இரண்டு ஊசி வைத்துத் தைக்கிறாள். வில்லேஜ் ஆபீசர் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஓரத்தை மட்டும் கோணாமல் தைக்கச் சொல்கிறார், அளக்கச் சிரமமாக இருக்கிறதாம்.