பதினோரு பாட்டில்களும் ஒரு குக்கரும்

வசந்தன் கண்ணுக்கு முடிச்சு தப்பாது. பத்து பகாட் என்ற ஊரின் துணி ஆலை ஒன்றில் ஐந்து வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. வெளிச்சப் பலகைமேல் ஓடும் துணியில் எங்காவது துளி தடித்திருந்தால் மெஷினை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவான். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டையைக்கூட அவனால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

இதிலிருந்து தப்பிக்கத்தான் செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் திசு வளர்ப்பு வகுப்பில் சேர்ந்தான். ஆசிரியை தர்மினி அவனைவிட இரண்டு வயது இளையவள். முதல் நாளே ஒரு கேரட்டை வெட்டிக் காட்டினாள்.

"இந்த உயிரணுங்க எல்லாம் சர்க்கரை சேத்து வைக்கிற வேலைக்குன்னு ஆயிடுச்சு. இனிமே ஒன்னு ரெண்டாப் பிரியாது. ஆனா இப்படி வெட்டி, வளர்ச்சி ஊக்கி கலந்த கூழ்ல வச்சா, பழைய வேலைய மறந்துட்டு திரும்பப் பிரிய ஆரம்பிக்கும்."

வசந்தன் இதை நாட்குறிப்பில் எழுதி இரண்டு கோடு போட்டான். கீழே பொடி எழுத்தில் 'நானும்?' என்று எழுதினான். பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டான்.

அவனுக்கு ஜோடியாக அமைந்தவர் செல்வராணி அக்கா. பள்ளிக்கூட கேண்டீனில் பதினாறு வருடமாக மீ கோரேங் நூடுல்ஸ் வறுப்பவர். குளுவாங் பக்கம் ஓர் ஆர்க்கிட் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை ஏறக்குறைய உறுதி. சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அதற்கு இருவருமாக வைத்த பன்னிரண்டு பாட்டில் கேரட் துண்டுகள் பிரிந்து வளர்ந்தாக வேண்டும்.

"தம்பி, நீ டைரி எழுதுறவன். பாட்டில நீயே பாத்துக்க. நான் பாத்தா உப்பு போட்டுருவேன்," என்றார் அக்கா. அலமாரிச் சாவி அவனிடம் வந்தது.

பிரிந்த உயிரணுக்கள் எப்படி இருக்கும் என்று தர்மினி படம் போட்டு விளக்கிய வியாழக்கிழமை அவனுக்கு ஆலையில் கூடுதல் வேலை. நாட்குறிப்பில் 'பிறகு நிரப்ப' என்று ஒரு பக்கம் விட்டுவைத்தான். அக்காவிடம் குறிப்பைக் கேட்டிருக்கலாம். ஒழுங்கான மாணவன் என்ற பெயர் போய்விடுமே என்று கேட்கவில்லை. பச்சையாகத் துளிர் ஏதோ எட்டிப் பார்க்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

மூன்றாம் வாரம் பக்கத்து மேசை பாட்டில்களில் பூஞ்சை பிடித்தது. நான்காம் வாரச் செவ்வாயன்று அவன் அரைமணி முன்னதாக வந்து அலமாரியைத் திறந்தான். பன்னிரண்டிலும் கட்டி; பச்சைத் துளிர் ஒன்றில்கூட இல்லை. அந்தக் கண் விடுமா? சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வரிசையாக ஒட்டினான். ஒவ்வொரு கட்டியையும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அளந்து எழுதினான். கெட்டுப்போன பாட்டிலைத் திறக்காமல் பிரஷர் குக்கரில் அவித்துவிட வேண்டும் என்பது வகுப்பு விதி. அவித்தான். விதியை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவன் அந்த வகுப்பில் வேறு யாருமில்லை.

வியாழனன்று தர்மினி அலமாரியில் மிச்சமிருந்த ஒற்றைப் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"அழகா வந்திருக்கே, இந்தக் கட்டிதான் கேலஸ், பிரிஞ்சு வளந்த உயிரணுங்க. மத்த பதினொன்னு எங்க?"

அவித்ததெல்லாம் கூழாகிக் குப்பைக்குப் போய்விட்டது. நிஜப் பூஞ்சை என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? சாட்சி என்று இருந்தது அவன் கையிலிருந்த நாட்குறிப்பு ஒன்றுதான்.

"பூஞ்சையா தம்பி?" என்றார் அக்கா, குரல் இறங்கி.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு பொய் வாயில் வரவில்லை. "இல்லக்கா. எல்லாம் இதே மாதிரிதான் இருந்துச்சு. நான்தான் கெட்டுப்போச்சுன்னு அவிச்சிட்டேன்," என்று நாட்குறிப்பை நீட்டினான்.

தர்மினி படித்தாள். "வெளிர் மஞ்சள், மூணு மில்லிமீட்டர், பஞ்சு மாதிரி இல்ல, கூழ் கலங்கல. கேலஸ இவ்ளோ சரியா இங்க யாரும் எழுதல. தலைப்பு மட்டும் 'கெட்டுப்போனவை'ன்னு இருக்கு."

அக்கா கையை நீட்டினார். "சாவியக் கொடு. அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்ல ஒன்ன எடுத்து உன் நெத்தியில ஒட்டிக்க லா."

"ஒன்னு உயிரோட இருக்கே," என்றாள் தர்மினி. "வெட்டிப் புதுக் கூழ்ல வைங்க. பிரியத்தானே அது திரும்பி வந்திருக்கு. தேர்வாளர் வர்றதுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. மூணு வளர்ந்தாப் போதும்."

அக்காதான் வெட்டினார். பதினாறு வருடம் வெங்காயம் நறுக்கிய கை. ஐந்து துண்டு, ஐந்து பாட்டில். வசந்தனுக்குத் தள்ளி நின்று எண்ணிச் சொல்ல மட்டும் அனுமதி. நான்கு வாரத்தில் ஒன்று நிஜமாகவே பூஞ்சை பிடித்துப் போனது. நான்கு தடித்து வளர்ந்தன. தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். குளுவாங்கிலிருந்து அக்காவுக்குக் கடிதமும் வந்துவிட்டது.

அன்று வசந்தன் 'பிறகு நிரப்ப' பக்கத்தை ஒருவழியாக நிரப்பினான். 'பன்னிரண்டாவது பாட்டிலை மட்டும் ஏதோ சந்தேகம் தோன்றியதால் விட்டுவைத்தேன்' என்று எழுதிப் பார்த்தான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதை அடித்துவிட்டுக் கீழே எழுதினான்: 'குக்கரில் பதினொன்றுதான் பிடித்தது.'